படகு கிரீஸ் பூசிய இடது சக்கரம்

என் கிறுக்குத்தனங்களை எல்லாம் சிரித்தே செரித்துக்கொண்ட அன்பு மாமாவுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாவு வீட்டில் நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியதைத் தெருவே பார்த்தது. "அக்கா புருசன் மேல எம்மாம் பாசம் பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். துண்டுக்குள் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை மாமா. நான் என் விரல்களை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு கிரீஸ் வாசனை இன்னும் இருக்கிறதா என்று. அதைப் பூசி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை வேளை மீன் குழம்பு பிசைந்த கை! இருந்தாலும் மோந்து பார்த்தேன். நான் குலுங்கியது பயத்தில்.

கூட இருந்து படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் என் அக்கா வீட்டுக்காரர். சிதம்பரத்தில் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். ஒரு காலத்தில் குடித்தவர். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஆறு வருடமாகத் தொடாதவர். நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மிச்ச நேரத்தில் இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறவன்.

எழுத விஷயம் வற்றிப்போன மாதம் அது. மேனேஜரை எழுதியாயிற்று, மாமியாரை எழுதியாயிற்று, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் தலைமுடிச் சாயத்தைக்கூட விடவில்லை. வீட்டுக்காரி, "இனிமே என்னப் பத்தி ஒரு வரி வந்துச்சின்னா சோத்துல உப்பு இருக்காது" என்று எச்சரித்திருந்தாள். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

"மாமா, பிரேக் பேடு தேஞ்சிருக்குதுன்னு சொன்னீங்களே, அத நானே மாத்தறேன்."

"ஏன் மச்சான், கம்பெனியில வேலைய வுட்டுத் தூக்கிட்டானுங்களா?"

"இல்ல மாமா. கட்டுரை எழுதணும். கார் ஓட்டவே தெரியாதவன் பிரேக்கு மாத்துனா எப்பிடி இருக்கும்? ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"ஒங்கட்டுரைக்கு எங்காருதான் கெடைச்சிதா?" நீங்கள் அப்போதே சிரித்துவிட்டீர்கள். "சரி வா மச்சான். அக்காவக் கறி எடுத்துவைக்கச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். போனில் நாலு வீடியோ பார்த்திருந்தேன். நாலாவதைப் பாதியில் விட்டுவிட்டேன். கையில் ஒரு டப்பா. எங்கள் ஃபைபர் படகுக்குப் போடும் கிரீஸ்.

எங்கள் குப்பத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கடலை ஒட்டி வாழ்கிறோம். உப்புக்காற்று எந்த இரும்பையும் விடாது. அதனால் இரும்பு கண்ட இடத்தில் எல்லாம் படகு கிரீஸை அப்பிவிடுவோம். சைக்கிள் செயின், ஜன்னல் கொக்கி, தையல் மிஷின், சீராக வந்த பீரோவின் பூட்டு. எங்கள் வீட்டுப் பெண்களின் பட்டுப்புடவையில் கிரீஸ் கறை இல்லாத ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். 'எவ்வளவு ஜாஸ்தி பூசுறமோ அவ்வளவு நாள் நிக்கும்' என்பதுதான் நாங்கள் படித்த படிப்பு.

இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். வட்டத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அந்த இரும்புக் கை, காலிப்பர், அதைக் கழற்றி அப்படியே விட்டேன். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயில் அது நாக்குத் தள்ளித் தொங்கியது. நீங்கள் ஒரு கம்பியை எடுத்து வந்து அதை ஸ்பிரிங்கோடு கட்டிவைத்தீர்கள். அங்கேயே நான் கையைக் கழுவியிருக்க வேண்டும்.

காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின்கள். விரல் நீளம்தான். ஒன்றின் நுனியில் சின்னதாக ஒரு ரப்பர் உறை. அந்தப் பின்கள் வழுக்கிக்கொண்டு போனால்தான் தட்டின் இரு பக்கமும் இருக்கிற இரண்டு பேடும் சமமாகப் பிடிக்கும் என்று வீடியோக்காரன் சொன்னது நினைவிருந்தது. எதைப் பூசி வழுக்கவைப்பது என்று அவன் சொன்னது, நான் பார்க்காமல் விட்ட பாதியில் இருந்திருக்க வேண்டும்.

"பட்டறையில சலீம் பாய் ஏதோ சின்ன டியூபுல இருந்து கொஞ்சூண்டு தடவுவாரு மச்சான்" என்றீர்கள்.

"டியூபெல்லாம் ஏமாத்து வேல மாமா. இது கடல்லயே நிக்கிற கிரீஸ்."

பின் போகிற துளையில் வழிய வழியத் திணித்தேன். பழைய கிரீஸைத் துடைக்கவில்லை. புதுப் பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கிற காதுகள் உட்காருகிற இடத்தில் துரு இருந்தது. அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே அப்பினேன். பேடின் முதுகில் பட்டர் தடவுவதுபோலத் தடவினேன். பின்னை உள்ளே தள்ளினால், அது மெதுவாக வெளியே வந்து என்னைப் பார்த்தது. உள்ளே இருந்த காற்றுக்குப் போக இடமில்லை. எனக்கு அது புரியவில்லை. 'நிறைவாக இருக்கிறது' என்று நினைத்து உள்ளங்கையால் அடித்து இறக்கினேன். கடைசி போல்ட்டில் ஸ்பேனர் நழுவி விரல் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அக்கா போட்ட கூச்சலில் வலது சக்கரம் எனக்குக் கிடைக்காமல் போனது. அதை மறுநாள் சலீம் பாய் செய்தார்.

கட்டுரை வந்தது. நான் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிகக் கடிதம். நீங்கள் வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்று சத்தம்போட்டு வாசிக்க, அக்கா மீன் கழுவிக்கொண்டே சிரித்து, செதிலோடு கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். படகு கிரீஸ் வருகிற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாளாம். போனில் நீங்கள் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை!

நான் செய்த கொலையை நானே எழுதி அச்சில் ஏற்றியிருக்கிறேன் மாமா. படித்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். சவாரியை மஞ்சக்குப்பத்தில் இறக்கிவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். சங்கரா மீன் குழம்பு. இரண்டாம் தடவை சோறு வாங்கினீர்கள். அப்புறம் மோர், இரண்டு டம்ளர். மோர்தான் மாமா, மோர். ஊற்றிக் கொடுத்தவன் நான். இந்தப் பூமியில் அதற்கு நான் ஒருத்தன்தான் சாட்சி. வீட்டுக்காரி அன்று மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு, கண்ணாடியை இறக்கிச் சொன்னீர்கள்.

"மச்சான், பிரேக் போட்டா வண்டி லேசா வலப்பக்கம் இழுக்குது. என்னான்னு தெரில."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'எறங்குங்க மாமா, பஸ்ல போங்க.' அல்லது, 'பாய்கிட்ட காட்டுங்க.' இரண்டே வார்த்தை. என் வாய்க்கு அது வராது. என் வாய்க்கு வந்தது வேறு.

"போற வழியில ஒயின்ஷாப்பு வலப்பக்கம்தான இருக்குது? ஆறு வருசமா நீங்க எட்டிப் பாக்கலன்னு வண்டிக்கு ஏக்கம் மாமா."

ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். "இத்தயும் எழுதிடாத, ஒங்கக்கா நம்பிடுவா" என்றீர்கள். போய்விட்டீர்கள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. புதுச்சத்திரம் தாண்டி நேரான சாலை. ஓரமாக இரண்டு ஆடு. நீங்கள் பிரேக்கை மிதித்திருக்கிறீர்கள். எதிரே இருந்த டீக்கடைக்காரர் பார்த்தாராம்: "ரோட்டுல ஒண்ணுமே இல்லீங்க. வண்டி திடீர்னு குடிகாரன் மாரி வலப்பக்கம் பாஞ்சி மரத்துல ஏறிச்சி."

செய்தி சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் 'மாரி' உதிர்ந்துபோனது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமல் கிடந்தீர்கள். குடித்திருந்தீர்களா என்று அங்கே யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அவரவர்க்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! சாவு வீட்டில் உங்கள் பங்காளி முறை பெரியவர் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒங்க வூட்டுக்குத்தான வந்துட்டுக் கெளம்புனாரு? தண்ணி கிண்ணி எதுனா?"

மாமா, நான் பேச்சு நிற்காத ஆள். யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை சொல்லுவேன். அன்று பேசவில்லை. பேசினால், 'அப்பறம் ஏன் வண்டி அந்தப் பக்கம் பாஞ்சிது?' என்று அடுத்த கேள்வி வரும். நான் உதட்டை ஒரு மாதிரி சுழித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். சாயங்காலத்துக்குள், "மச்சான் வூட்டுலதான் ஊத்திக் குடுத்திருக்கானுங்க" என்றாகிவிட்டது. வதந்தி எப்படி வளரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை வளர்த்தே பிழைத்தவன் நான்.

கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"டேய், நீதான்டா கடைசியா பாத்த. உண்மையச் சொல்லு. குடிச்சாரா?"

"நான் பாக்கலக்கா" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். நீங்கள் குடித்ததை நான் பார்க்கவில்லைதான். இப்படி எழுதிக் காட்டும்போது எவ்வளவு சாமர்த்தியமாக இருக்கிறது! அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

முப்பதாம் நாள் படையல். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இலையில். வறுத்த சங்கரா, அவித்த முட்டை, முறுக்கு, வெற்றிலை. அந்தப் பங்காளிப் பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி இலையில் வைத்தார். "அவுரு ஆசப்பட்டுத்தான போயிச் சேந்தாரு, நாம ஏன் கொற வைக்கணும்?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். எடுத்து வீசுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, பாட்டிலுக்கு இடம் விட்டு, மீனைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

அப்படித் தள்ளி வைத்ததைத்தான் மாமா என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு சலீம் பாய் பட்டறைக்குப் போனேன். உங்கள் கார் பின்பக்கம் நின்றது. வலது பக்கம் முழுக்கச் சப்பை. இடது பக்கம் கீறல்கூட இல்லாமல், கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல.

"பாய், இடது சக்கரத்தக் கழட்டிப் பாக்கணும்."

"இப்ப எதுக்கு சார்?"

"கழட்டுங்க பாய்."

கழற்றினார். காலிப்பரைக் கையால் அசைத்தார். அசையவில்லை. ராடு வைத்து நெம்பித்தான் வந்தது. பின்னைக் குறடு போட்டுத் திருகித் திருகி இழுத்தார். நுனியில் இருந்த ரப்பர், தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. உள்பக்க பேடு இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்க பேடு வாங்கினபடியே இருந்தது. முதுகில் தடவியது உருகித் தட்டில் வழிந்து காய்ந்திருந்தது. பாய் அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். என் வேலையை அவரும் செய்தார்.

"இது படகு கிரீஸ் ஆச்சே சார். யாரு... " என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "படகுக்குத் தண்ணிதான் சார் எதிரி. பிரேக்குக்குச் சூடு எதிரி. இந்த கிரீஸு தண்ணியில நிக்கும், சூட்டுல ஒழுகிடும். ரப்பர்ல பட்டா அத்த ஊத வச்சிடும். பின்னு ஜாம் ஆயிடும். அப்பறம் இந்தச் சக்கரம் பிடிக்காது, வலது சக்கரம் மட்டும் பிடிக்கும். வண்டி எந்தப் பக்கம் போவும்? நீங்களே சொல்லுங்க."

நான் சப்பையாகிக் கிடந்த வலது பக்கத்தைப் பார்த்தேன்.

"அல்லா மேல ஆணையா சார், வலது பக்கம் செய்யறப்பவே நான் கேட்டேன். இடதையும் ஒருவாட்டி தொறந்து பாத்துரட்டுமா அண்ணேன்னு. அவருதான், 'அத்தத் தொறக்காத பாய், அது மச்சான் செஞ்சது. தொறந்தன்னு தெரிஞ்சா மனசு வுட்டுடுவாரு'ன்னுட்டாரு."

மாமா, இதை ஏன் செய்தீர்கள்? ஒரு மச்சானின் மனசு அவ்வளவு பெரிதா? என் வீட்டு வாசலில் கண்ணாடியை இறக்கி 'என்னான்னு தெரில' என்றீர்களே, உங்களுக்குத் தெரியாதா? இருபது வருடமாக ஸ்டியரிங் பிடித்த கை. தெரிந்துதான், நானாகச் சொல்லட்டும் என்று எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்களா?

பத்து மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் பட்டறைக்குப் போகிறேன். எடுபிடிதான். போன வாரம் உங்கள் காரின் அதே இடது சக்கரத்தை நானே செய்தேன்.

"எதுக்கு சார் இது? இந்த வண்டி காயலாங்கடைக்குத்தான் போவப்போவுது" என்றார் பாய்.

"இருக்கட்டும் பாய்."

காலிப்பரை முதலிலேயே கம்பியில் கட்டினேன், நீங்கள் கட்டியதுபோல. பழைய கிரீஸை ஒரு பொட்டு இல்லாமல் துடைத்து, துளைக்குள் துணி விட்டுச் சுற்றி எடுத்தேன். பேடு உட்காருகிற இடத்துத் துருவைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தேன். பின்னும் ரப்பரும் புதிது போட்டேன். பிறகு அந்தச் சின்ன டியூப், பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கான் கிரீஸ். நான் ஏமாத்து வேலை என்று சொன்னேனே, அதேதான். பின்னில் மெல்லிசாக, குழந்தைக்கு மை தடவுகிற அளவு. பேடின் காதிலும் முதுகிலும் இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் மட்டும், வேறு டியூபிலிருந்து, சூடு தாங்குகிற கிரீஸ், ஒரு தொடுதல். பேடு தட்டைப் பிடிக்கிற முகத்தில் எதுவுமே படக்கூடாது. பின்னை மூடுகிற தூசி உறையின் விளிம்பு அதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று நகத்தால் சுற்றிப் பார்த்தேன்.

இரண்டு விரலால் பின்னைத் தள்ளினேன். உள்ளே போனது. விட்டேன். அப்படியே நின்றது, திரும்பி வந்து என்னைப் பார்க்கவில்லை. மூட்டி முடித்து, வண்டியில் ஏறி, பெடல் கெட்டியாகும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். அன்றுதான் மாமா எனக்கு அழுகை வந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இதைவிட நல்ல இடது பிரேக் எந்தக் காருக்கும் கிடையாது. அந்தக் கார்தான் ஓடாது.

ரப்பர் உப்பிய பழைய பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று.

"என்னாடா கையெல்லாம் கறுப்பு?"

"பாய் பட்டறைக்குப் போயிருந்தேன்க்கா."

"அந்த வண்டிய ஏன்டா இன்னும் நோண்டற? வண்டி என்னா பண்ணும்? ஓட்டுனவரு ஒழுங்கா இருந்தா அது ஏன் மரத்துல ஏறுது?"

"இல்லக்கா, அந்த வண்டியில..."

"மொதல்ல கையக் கழுவிட்டு வந்து சாப்புடு."

சாப்பிட்டேன். என்ன சொல்வது? சோறு போட்டால் எந்தப் பாவத்தையும் அரை மணி நேரம் தள்ளிப்போடுகிற ஜாதி நான். அக்கா எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"போனதுகூட வலிக்கலடா. பொண்ணு தலையில கை வச்சிச் சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டாரே. அதான் ஆறல. இப்ப எனக்கும் பொண்ணுக்கும்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

கை பைக்குள் போனது. பின்னைத் தொட்டது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன் மாமா. ரசம்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பத்திரிகைக்காரர் சிரிப்பாக ஒன்று கேட்டார், இதைக் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் தெரியட்டும்: என் மாமா குடிக்கவில்லை. அவர் குடித்தது மோர். வண்டியை வலது பக்கம் இழுத்தது, நான் சிரிப்புக்காகச் செய்த வேலை.

அடுத்த மாதம் உங்கள் வருடத் திதி. அந்தப் பெரியவர் பாட்டிலோடு வருவார். அதை இலையிலிருந்து என் கையாலேயே எடுப்பேன். அந்த இடத்தில் ஒரு டம்ளர் மோரும் இந்தப் பின்னும் வைப்பேன். அக்கா முகத்தைப் பார்த்து, துண்டு இல்லாமல், சொல்லுவேன். இது சத்தியம். யார் தலையில் கை வைத்து என்று மட்டும் கேட்காதீர்கள். வைக்கிற தகுதி என் கைக்கு இல்லை.

இப்படிக்கு,
நீங்கள் மனசு நோகக் கூடாது என்று நினைத்த ஒரே மெக்கானிக்,
உங்கள் மச்சான்.

பின்குறிப்பு: அக்கா இந்தப் பத்திரிகையைத் தன் கையால் ஒருநாளும் பிரித்ததில்லை. அவளுக்கு அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.